மூன்றாவது மோட்டார்

காட்பாடியில் ஏறி மேல்பாடியில் இறங்கியபோது
பதினோரு பேர்.
எண்ணுவது என் வேலை. கடைசியில் நடப்பதும்.
மாதமெல்லாம் கோட்டை அகழியைச் சுற்றுகிற கால்கள்
இந்த ஒரு ஞாயிறு
பொன்னையாற்றங்கரையோடு திருவலம்வரை போகும்.
எல்லோர் தலையிலும் ஒரே வெள்ளைத் தொப்பி,
பல் ஆஸ்பத்திரிக்காரர் கொடுத்தது.
விளம்பர எழுத்து முதல் துவைப்பிலேயே போய்விட்டது.

ஆறு இருந்தது.
பெரும்பாலும் மணல்.
நடுவே வேட்டிக் கரை அகலத்துக்குத் தண்ணீர்,
தான் போவது யாருக்கும் தெரியவேண்டாம் என்பதுபோல.
"சத்தமே காணோமே" என்றார் நயீமுத்தீன்.
தோல் கம்பெனியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர்,
பாலாற்றின் நிறங்களை மாதவாரியாகச் சொல்லக்கூடியவர்.
குனிந்து ஒரு கை அள்ளி
முகர்ந்து பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு கை அள்ளினார்.

கோதண்டபாணி கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று
விசில் ஊதி, நோட்டில் நேரம் குறிப்பார்.
வங்கியில் பழகிய கை, அடிக்கோடு போடாமல் விடாது.
ஜெபசீலி நாணலுக்குள் நாரைகளை எண்ணப் போய்
முழங்கால்வரை சேறோடு வந்தாள்.
சுகந்தாவின் புது ஷூ
இடது குதிகாலைத் தின்றுகொண்டிருந்தது.
கேட்டால், "நல்லாத்தான் இருக்கு."

மூன்றாவது விசிலில் எண்ணினேன்:
பன்னிரண்டு.
மறுபடி எண்ணினாலும் பன்னிரண்டு.
காக்கிச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஸ்பானர்.
யாரோ கூட்டிவந்த சொந்தக்காரர் என்று
ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.
கேட்டபோது பெயர் மட்டும் சொன்னார்: முனிரத்தினம்.

சீமைக்கருவேலம் கிழிக்கும் இடங்களில்
முன்னால் போய்க் கிளையைப் பிடித்துக்கொண்டார்.
"இங்க கால் வெக்காதீங்க, லாரிக்காரன் தோண்டின பள்ளம்,
மேல மணல் மூடிக்கினு இருக்கும்."
உறைகிணறுகளின் மூடியைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்,
வீட்டுக்கு வந்தவர்களிடம்
பிள்ளையின் மார்க் ஷீட்டை நீட்டுவதுபோல.
"இது ஒண்ணாவது மோட்டாரு. ஓடுது.
ரெண்டாவதும் ஓடுது.
மூணாவது எரிஞ்சி நாலு மாசமாவுது.
காலனிக்கு அதுலதான் தண்ணி ஏறணும்."
கோதண்டபாணி எழுதிக்கொண்டிருந்தார்:
ஏழாவது கிலோமீட்டர், பத்து இருபது.
முனிரத்தினம் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கடைசியில் நின்றதால் எனக்குத் தெரிந்தது.

புங்க நிழலில் பொட்டலம் பிரித்தோம்.
எலுமிச்சைச் சாதம், வத்தல்,
நயீமுத்தீன் கொண்டுவந்த ஆற்காட்டு மக்கன் பேடா.
எண்ணி வாங்கிய பதினொன்று.
தன்னுடையதை இரண்டாகப் பிட்டார்.
முனிரத்தினம் வேண்டாம் வேண்டாமென்று
உட்காராமலே எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினார்.
ஜெபசீலி கையைப் பிடித்து இழுத்த பிறகு
குந்தினார், எழுந்துவிடத் தயாராக.

திருவலம் இரும்புப் பாலம் கண்ணில் பட்டதும்
தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.
"சார், ரிப்போர்ட்டுல இன்னா எழுதுவீங்க?"
"என்ன ரிப்போர்ட்?"
"நீங்க குடிநீர் வாரியந்தானே?"

சிரிப்பு ஒன்று வந்து பாதியில் நின்றது.
"நாங்க சும்மா... நடக்க வந்தோம்."
"சும்மாவா? மேல்பாடிலேர்ந்தா?
இன்னைக்கு பஸ்ஸு ஓடலியா?"

கோபப்பட்டிருக்கலாம் அவர்.
எங்கள் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்,
எதற்கடியிலாவது ஒரு அதிகாரி இருப்பாரோ என்று.
பிறகு சுகந்தாவிடம்,
"அந்த ஷூவ கழட்டிடும்மா. கெணத்தாண்டயிருந்து பாக்குறேன், நொண்டிக்கினே வர்ற."
எதிரே வந்த டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

எங்கள் பஸ்ஸில் எண்ணினேன். பதினொன்று.
சுகந்தா வெறுங்காலோடு ஜன்னலோரம்.
கோதண்டபாணி நோட்டைத் திறந்து
கிலோமீட்டர்களுக்குக் கீழே எழுதினார்:
மோட்டார் மூன்று. நான்கு மாதம். காலனி.
அடிக்கோடு போட்டார்.
பேனாவை மூடாமல் என் பக்கம் திரும்பி,
"இதை யாருக்கு அனுப்பணும்?"